ஒரு அடுக்கும் ஆடவில்லை

விருத்தாசலத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். மார்கழி பிறந்தால் ஆற்றுப் பக்கமிருந்து பனி எழும்பி வரும். காலை எட்டு மணிக்கும் எதிரில் வருகிறவர் இருமினால்தான் ஆள் வருகிறார் என்று தெரியும். வாயைத் திறந்து ஊதினால் புகை வரும், அதைப் பீடி மாதிரி விட்டுக் காட்டி அடி வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா?

அந்தக் குளிரில் மனுஷர்களுக்குப் போர்வை இருந்தது. மற்ற ஜீவன்களெல்லாம் எங்கே போயின என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எல்லாம் எங்கள் சூளைக்குத்தான் வந்தன.

எங்கள் சூளை என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறேன். சூளை முதலாளியுடையது. பீங்கான் பேட்டையின் கோடியில், பொம்மையும் ஜாடியும் செய்கிற சின்னக் கம்பெனி. அப்பா அங்கே சூளை மேஸ்திரி. அம்மா அதே கம்பெனியில் பச்சைப் பொம்மைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை. பச்சைப் பொம்மை என்றால் நிறம் இல்லை. அச்சிலிருந்து எடுத்து இன்னும் சுடாதது. கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபிறகு அப்பா இந்த வேலைக்கு வந்து, கரி அள்ளுவதில் ஆரம்பித்து, ஆறு வருஷத்தில் மேஸ்திரி ஆனவர். கம்பெனிக்குப் பின்னாலேயே ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும், அம்மா தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

சூளை வட்டமாக, குடிசை உயரத்துக்கு மேலே, தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி கூரையோடு இருக்கும். செங்கல் சுவரைச் சுற்றி மூன்று இரும்புப் பட்டைகள். இரண்டு நாள் எரிப்பார்கள், மூன்று நாள் ஆறவிடுவார்கள். அந்த மூன்று நாளும், உள்ளிருக்கிற பொம்மைகளைப் பிரித்தெடுத்த பிறகு இன்னும் ஒரு நாளும், சுவர் இளம் சூட்டில் இருக்கும். கையை வைத்தால் எடுக்க மனசு வராது.

அங்கே இடம் பிடிப்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. மேல் பட்டை குருவிகளுக்கு. முப்பது நாற்பது குருவிகள் இறகை உப்பிக்கொண்டு ஒன்றையொன்று இடித்தபடி உட்கார்ந்திருக்கும். கூரை மேலே பூனைகள். மைனா ஜோடி ஒன்று புகைபோக்கியின் அடிவாரத்தில். வாட்ச்மேன் வளர்த்த கோழிகள் கரிக் குவியலை ஒட்டி. யாருடையது என்று தெரியாத கிடா ஒன்று முதுகைச் சுவரில் சாய்த்து அசை போடும். ஒரு கொக்குகூட வரும். ஒற்றைக் காலில் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் போய்விடும். அப்பா அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தார்.

நாய்களுக்குச் சூளைக்குள்ளேயே இடம். பிரித்தெடுத்து முடித்ததும் உள்ளே தரை சூடாக இருக்கும் இல்லையா, அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும். நாலு நாய்கள். அதில் மூன்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, எல்லா நாயும் போல நாய்கள். நாலாவது தவிடு.

தவிட்டு நிறத்தில் ஒல்லியான பெட்டை. இடது காது பாதி இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வரும்போது பேட்டை வாசலில் நிற்கும். என்னோடு நடந்து வந்து, நான் வீட்டில் பையை மாட்டியதும் போய்விடும். கொஞ்சவோ, மேலே தாவவோ செய்யாது. ஏதோ கடமை மாதிரி செய்யும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அதை என்ன உறவென்று வைத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரை ஒரு கல்நெஞ்சக்காரராக நினைத்துவிடுவீர்கள். அவர் அப்படி இல்லை, அதுதான் என் கஷ்டமே. புகையை அடைக்கவும் திறக்கவும் புகைபோக்கியில் ஒரு இரும்புத் தகடு உண்டு. அதைச் சங்கிலியால் இழுக்கிற கப்பியின் பெட்டிக்குள் அந்த வருஷம் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டது. முதலாளி பிடுங்கிப் போடச் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே, "குஞ்சு பறக்குற வரைக்கும் நான் கையால தகட்ட தூக்கிக்கிறேன் மொதலாளி" என்றார். இருபது நாளுக்கு மேல், சூட்டில் ஏணி ஏறி, சாக்கைச் சுற்றிய கையால் தகட்டைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. அம்மா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினாள். "குருவிக்காவ கையி வெந்து நிக்கிறாரு பாரு, பெரிய வள்ளலு." அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் வளர்ந்தேன்.

சூளையின் வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிட்டுத்தான் நெருப்பு வைப்பார்கள். அதற்கு முன்னால் உள்ளே எந்த ஜீவனும் இல்லை என்று பார்த்தாக வேண்டும். வேறு சூளைகளில் தகரத்தைத் தட்டுவார்கள். தட்டினால் பயந்த நாய் ஓடும்போது எதிலாவது மோதும் என்பது அப்பாவின் பயம். உள்ளே பொம்மைகளை வட்ட வட்டமான மண்பெட்டிகளில் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு நாய் நுழைகிற சந்துதான் இருக்கும். அதனால் எங்கள் சூளையில் வேறு வழக்கம். வாசலில் நான் நின்று கூப்பிடுவேன்.

"த்தோ... த்தோ... த்தோ..."

மூன்று தடவை. உள்ளே இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வரும். கடைசியில் தவிடு. வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வரிக்கி பிஸ்கட். பிறகு நான் தலையாட்டுவேன், அப்பா முதல் செங்கலை வைப்பார். என் தலையாட்டலுக்கு அப்புறம்தான் சூளை எரியும் என்பதில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. ஸ்கூலில் கணக்கு வராத பிள்ளைக்கு வேறென்ன பெருமை கிடைக்கும்? (அப்புறம் கணக்கு டீச்சராகவே முப்பது வருஷம் குப்பை கொட்டினேன், அது வேறு விஷயம்.)

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. பச்சைப் பொம்மை நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். காய்ந்திருந்தால் இருக்காது. அப்பாவின் கன்னம் நெருப்புப் பட்டுப் பட்டு மரத்துப்போயிருந்தது. "என்னுது வெந்த தோலு. பாப்பா கன்னம்தான் சரியா சொல்லும்" என்று என்னிடம் நீட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய டாக்டர் போல வைத்துப் பார்த்துச் சொல்வேன்.

அந்த மார்கழியில் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலே இல்லை. பொங்கலுக்குள் அனுப்ப வேண்டிய பீங்கான் கிளிகள் பலகை பலகையாகக் காயாமல் கிடந்தன. மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிற கிளி. கட்டைப் பகுதி கனமாக இருக்கும், அது காய நாள் பிடிக்கும். முதலாளி காலையும் மாலையும் வந்து நின்றார். கத்தவெல்லாம் மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்பா ஒரு கிளியை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் கன்னத்தில் வைத்தேன்.

"சில்லுனு இருக்குதுப்பா."

இன்னொன்று கொடுத்தார். அதுவும் சில்லென்றுதான் இருந்தது. அப்பா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பனிக்காலம்ல, அப்படித்தான் இருக்கும். எல்லாமே சில்லுனுதான் இருக்கும். அந்தச் செங்கல வச்சிப் பாரு" என்றார். காய்ந்த செங்கல். அதுவும் சில்லென்று இருந்தது. அப்பா சொன்னது சரிதானே என்று நானும் நினைத்தேன். வேண்டுமென்று செய்தார் என்று இன்றுவரை நான் சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் அந்தச் சோதனை பொய் சொல்லும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிடிபட்டிருக்கும். பிடிபட்ட நேரத்தில் அவருக்கு வசதியான பக்கமாக அதைத் திருப்பிக்கொண்டார்.

அடுக்கினார்கள். நான் கூப்பிட்டேன், நாய்கள் வந்தன, வாசலை அடைத்தார்கள். மறுநாள் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். சூளைக்குள் 'டப்... டப்' என்று சத்தம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். அப்பா சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னாப்பா சத்தம்?"

"கரி வெடிக்குது பாப்பா. நீ வூட்டுக்குப் போ."

போனேன். கரி வெடிக்காதா என்ன? வெடிக்கும்.

சூளை ஆறி வாசலைப் பிரித்த அன்று நானும் அங்கே இருந்தேன், அரைப் பரீட்சை லீவு. உள்ளே பாதி அடுக்குகள் சாய்ந்து கிடந்தன. பெட்டிகளுக்குள் கிளியே இல்லை, ஓடும் தூளும்தான். ஈரத்தோடு சூட்டில் வைத்த பொம்மை அப்படித்தான் வெடித்துச் சிதறும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று அங்கே நின்ற வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முதலாளிக்குத் தெரியாது. அவர் ஜவுளிக்கடையில் சம்பாதித்து இதில் போட்டவர்.

"என்னாய்யா இது?" என்றார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாயிங்க மொதலாளி. குளிருக்கு உள்ள பூந்துடுதுங்க. அடுக்கு மேல ஒரசி அசைச்சி வுட்டிருக்குது. சூடு ஏறுனதும் சாஞ்சிடுச்சி" என்றார்.

முதலாளி நம்பாத மாதிரி புருவத்தைச் சுருக்கினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவே பாத்துச்சி. நாயிங்க உள்ள படுத்திருந்துச்சா இல்லியா? சொல்லு பாப்பா."

படுத்திருந்தன. அது உண்மைதானே. நான், "ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் என்ன கட்டுவார்கள் என்று ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்? அப்பா எனக்குத் தெரியாததைச் சொல்லச் சொல்லவில்லை, தெரிந்ததைத்தான் கேட்டார். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்கு அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

உடைந்த ஓடுகளையெல்லாம் கூட்டி அள்ளினது அம்மா. முறத்தில் அள்ளும்போது ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளியின் பாதித் தலை, ஒரு கண்ணோடு. உடைந்த இடம் விழுந்து உடைந்தது போல நேராக இல்லாமல், உள்ளிருந்து பெயர்ந்தது போலக் குழிந்திருந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அம்மா துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த அடுக்கு முடிகிற அன்று காலையில் பனி விலகவே இல்லை. வழக்கம் போல நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். முதல் நாய் வந்தது. வரிக்கிக்கு வாயைத் திறந்த நேரத்தில், கரிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் நீட்டின கம்பி வளையம் அதன் கழுத்தில் விழுந்தது. அது கத்தின சத்தத்தில் குருவிகள் மொத்தமாக எழும்பின. நான் என்ன நடக்கிறதென்று புரிந்துகொள்வதற்குள் இரண்டாவது, மூன்றாவது. மூன்று ஆட்கள், பேட்டை வாசல் பக்கம் முனிசிபாலிட்டியின் கம்பி போட்ட நாய் வண்டி. முதலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். நாய் வண்டி எந்நேரமும் வரலாம், ஆனால் நாய்களைப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று யார் யோசனை சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நாய்களெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ஒரு பிள்ளை கூப்பிட்டால் வரிசையாக வரும் என்பது தெரிந்த ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தவிடு வரவில்லை. உள்ளே கோடியில், கடைசி அடுக்குக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"கூப்புடு பாப்பா" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"உள்ள போயி இழுக்க முடியாதும்மா, அடுக்கு வுழுந்துடும். வாசல அடைச்சே ஆவணும். உள்ள இருந்தா என்னா ஆவும்னு உனக்கே தெரியும் இல்ல?"

தெரியும். நான் அழ ஆரம்பித்தேன். கூப்பிட்டால் வண்டி, கூப்பிடாவிட்டால் நெருப்பு. அம்மா பொம்மைக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் ஈரப் பஞ்சைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

அப்பா என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். கொப்பளம் ஆறின தழும்போடு இருந்த கையை என் தலைமேல் வைத்தார்.

"தவிட்ட மட்டும் வுட்டுடச் சொல்லிட்டேன். மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். உன் தலைமேல சத்தியமா அத ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கூப்புடு."

"சத்தியமாப்பா?"

"சத்தியம்."

குருவிக்காகக் கையைச் சுட்டுக்கொண்டவர். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன். "த்தோ... த்தோ..." மூன்றாவது தேவைப்படவில்லை. தவிடு எழுந்தது. கோடியிலிருந்து வாசல் வரைக்கும் அந்தச் சந்துகள் வழியாக, உடம்பை வளைத்து, வாலைக் கூட ஒடுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பெட்டியையும் தொடவில்லை. ஒரு அடுக்கும் ஆடவில்லை. இதை அப்பா பார்த்தார், முதலாளி பார்த்தார், கரி அள்ளுகிறவர்கள், அம்மா, எல்லாரும் பார்த்தார்கள். நாய் பொம்மையைத் தள்ளவில்லை என்பதற்கு அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

தவிடு நேராக வந்து மூக்கை என் உள்ளங்கையில் வைத்தது. அது சில்லென்று இருந்தது. வண்டி ஆட்கள் நெருங்கினால் அது ஓடிவிடும் என்று தெரிந்துதானோ என்னவோ, அவர்கள் அசையவில்லை. அப்பாதான் பிடித்தார். பின்கழுத்துத் தோலைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். அப்பாவின் கை என்பதால் அது திமிறவே இல்லை. நானும் முதலில் சும்மா இருந்தேன், தள்ளிக் கொண்டுபோய்ப் பத்திரமாக விடப்போகிறார் என்று. வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் ஓடினேன். யாரோ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து தவிடு என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை, கோபமும் இல்லை. நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தது. வண்டி பனிக்குள் போய்விட்டது.

அப்பா திரும்பி வந்து வாசலுக்கு எதிரே உட்கார்ந்து முதல் செங்கலை வைத்தார். என் தலையாட்டலைக் கேட்கவில்லை.

அந்த முறை சூளை பிரமாதமாக வந்தது என்றார்கள். கிளிகள் நன்றாகக் காய்ந்திருந்தன, நடுவில் நாலு நாள் வெயில் அடித்திருந்தது. முதலாளி எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். நாய் போனதும் சனியன் விட்டது என்று வாட்ச்மேன் சொன்னாராம். பொங்கலுக்கு முன்னால் அப்பா பஸ் ஸ்டாண்டில் நேபாளத்துக்காரர்கள் போட்ட கடையில் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் ஸ்வெட்டர் கிடையாது. நான் தொடவில்லை. பல் கிட்டிக்கொள்ள, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். அடுத்த வருஷம் அது எனக்குச் சின்னதாகிவிட்டது, அம்மா அதைத் தலையணைக்குள் திணித்துவிட்டாள். அதற்கப்புறம் நான் சூளை வாசலில் நின்றதில்லை. அப்பா தகரம் தட்டிக்கொண்டார்.

நீங்கள் கேட்பீர்கள், அவரிடம் சண்டை போடவில்லையா என்று. போடவில்லை. அவர் எனக்குச் சோறு ஊட்டினார், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், பத்தாவதோடு நிறுத்தச் சொன்ன சொந்தக்காரர்களை மீறிக் காலேஜில் சேர்த்தார். இதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் 'சத்தியமா' என்று எதைச் சொன்னாலும், சாயங்காலம் சீக்கிரம் வருகிறேன் என்றால்கூட, நான் நம்பினதில்லை. கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரர் பாவம், அவர் சொன்னதையும் நம்பவில்லை. அந்தப் புண் அவ்வளவு தூரம் வந்தது.

ஆனால் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சூளைக் காலத்தைப் பேசுவார். பேசினால் அந்த வருஷம் வந்துவிடும். "நாயிங்க பூந்து பாதி சூளை போச்சி. எங்க பொண்ணே பாத்துச்சி, கேளுங்க." கேட்பார்கள். நான் காபி கொண்டுவந்துகொண்டிருப்பேன். "ஆமாம்" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் டிரங்குப் பெட்டியை இந்த மார்கழியில்தான் ஒழித்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, கிளியின் பாதித் தலை இருந்தது. ஒரு கண்ணோடு. அம்மா வாழ்நாள் முழுக்க அதை வைத்திருந்தாள், வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவள்மேல்தான் அன்று அதிகமாகக் கோபம் வந்தது.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கல், குரங்குக் குல்லாவும் இரண்டு போர்வையுமாகக் கட்டிலில். அந்தத் துண்டைக் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் வைத்தேன். விரலால் தடவினார். அப்புறம், பழக்கம் பாருங்கள், குல்லாவை விலக்கிவிட்டு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சில்லுனு இருக்குது" என்றார்.

"பனிக்காலம்லப்பா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு துண்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "வெளிய வந்தப்ப ஒரு பொட்டியையும் அது ஒரசல. நான் பாத்தேன்" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த வார்த்தை. கேட்டால் ஆறிவிடும் என்று எண்ணியிருந்தேன். ஆறவில்லை. அழுகைகூட வரவில்லை.

"வேல போயிருந்தா உன்ன வச்சிக்கிட்டு எங்கம்மா போயிருப்பேன்?" என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார். "உன் புள்ளைக்குத் தெரிய வேணாம். தாத்தா பொய் சொன்னாருன்னு நெனைக்கும். சொல்ல மாட்டதானே?"

"சொல்ல மாட்டேன்பா."

அது காலையில். சாயங்காலம் என் மகன் வேலை விட்டு வந்தபோது சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது. பேட்டையில் மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனி வாசலில் கிடந்ததாம். இப்போதெல்லாம் கரண்டு அடுப்பும் கேஸ் அடுப்பும்தான், சுவரில் சாய்ந்து குளிர் காய வெளியே எதுவுமில்லை. கறுப்புக் குட்டி, நடுங்கிக்கொண்டிருந்தது. பழைய துண்டை விரித்து ஹாலில் விட்டான்.

"வெளிய வுடுடா அத" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "நாய வூட்டுக்குள்ள சேத்தா வெளங்காது. எங்க சூளையில அப்படித்தான், குளிருதேன்னு பாவம் பாத்து உள்ள வுட்டோம். பாதி சூளைய சாச்சிடுச்சி."

தடுமாறவே இல்லை. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? மடியில் அந்தக் கிளித் துண்டு இன்னும் இருந்தது.

"நெஜமாவா தாத்தா?" என்றான் மகன், குட்டியைத் தூக்கிக்கொண்டு.

"கேளு உங்கம்மாவ. அவளே பாத்தா."

மகன் என்னைப் பார்த்தான். குட்டி அவன் முழங்கையில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. அப்பா கவலையே இல்லாமல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அத்தனை வருஷமும் அதைத்தானே சொல்லியிருக்கிறேன்.

"இல்லடா" என்றேன். "நாய் எதையும் தள்ளல. தாத்தா ஈரத்தோட அடுக்கிட்டு, பழிய நாய்ங்க மேல போட்டாரு. புடிச்சிக் குடுத்ததும் அவருதான். கூப்புட்டது நான்."

மகன் குட்டியோடு உள்ளே போய்விட்டான். அப்பா மெல்ல முகத்தை என் பக்கம் திருப்பினார். கோபமில்லை, ஒன்றும் பேசவுமில்லை. நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அந்த வண்டியின் கம்பிக்குப் பின்னாலிருந்து.